யார் ஊட்டு நாய்?

குன்னூரில் எங்கள் வரிசை வீடுகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்வதற்காகத் தொடங்கியது. இப்போது அதில் தண்ணீரைத் தவிர எல்லாம் வருகிறது. யார் சமையலறையில் கரடி புகுந்து எண்ணெய் குடித்தது, எந்த வளைவில் காட்டெருமை நின்று பஸ்ஸை மறித்தது, இ-பாஸ் எடுக்காமல் வந்து செக்போஸ்ட்டில் சண்டை போட்டது யார். எல்லாவற்றுக்கும் மேலே சிறுத்தை. யார் வீட்டு கேமராவிலோ வாசலைக் கடந்துபோகும் மங்கலான உருவம். அந்த ஒரே வீடியோவை நாலு ஊர்க்காரர்கள் எங்கள் ஊர்தான் என்று சத்தியம் செய்வார்கள். சிறுத்தையைச் சொந்தம் கொண்டாட இத்தனை பேர். நாய்க்குத்தான் ஒருவரும் கிடையாது.

நான் சொல்வது எங்கள் வரிசையில் சுற்றும் பழுப்பு நாயை. ஒரு காது நிமிர்ந்திருக்கும், மற்றது மடிந்து கிடக்கும். எல்லா வீட்டிலும் சாப்பிடும், எல்லா வீட்டிலும் திட்டு வாங்கும். ஆனால் காலையில் நான் ஃபேக்டரி ஆபீசுக்குக் கிளம்பும்வரை எங்கள் அடுப்பங்கரையில்தான் அதற்கு ஜாகை. டீயில் நனைத்த பேக்கரி வர்க்கி இல்லாமல் அதற்குப் பொழுது விடியாது. அதன் ஒரே கெட்ட பழக்கம் செருப்புத் திருடுவது. அதுவும் ஜோடியாக எடுக்காது. ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து எங்கள் வாசலிலோ கட்டிலடியிலோ வைத்துவிட்டு, பெரிய உபகாரம் செய்ததுபோல வாலை ஆட்டும்.

பெயர் வைக்க எனக்கு ஆசைதான். என் வீட்டுக்காரர் விடவில்லை. "பேரு கீரு வெச்சுப்போடாத. அப்பறம் அது ஊட்டு நாய் ஆயிப்போகும், ஊர்ச்செருப்புக்கெல்லாம் நாமதான் பதில் சொல்லோணும்" என்றார். அதனால் நான் அதை "டேய்" என்று கூப்பிடுவதோடு நிறுத்திக்கொண்டேன். சாயங்காலம் டிவியில் தெருநாய் விவாதம் ஓடும்போது, எல்லாவற்றையும் பிடித்து அடைக்க வேண்டும் என்று அவர்தான் அதிகம் கத்துவார். அப்போது நாய் அவர் பாதத்தில் தலையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். எழுப்பக்கூடாது என்று அவர் காலை அசைக்க மாட்டார். கால் மரத்துப்போய் நொண்டிக்கொண்டுதான் படுக்கப் போவார்.

போன சீசனில் நடந்தது இது. எங்களுக்கு மேலே ஒரு வீட்டைக் காட்டேஜ் ஆக்கி விருந்தாளிகளுக்கு விடுகிறார்கள். மே மாதம் வந்தால் நாய் அங்கே குடிபோய்விடும். பிரியாணியும் போட்டோவும் கிடைக்கிற இடத்தில் வர்க்கியை யார் மதிப்பார்கள்? ஆனாலும் காலை டீ நேரத்துக்கு மட்டும் இறங்கி வந்துவிடும். அந்த முறை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. இரண்டாம் நாளே அவர்களுடைய ஷூ ஒன்று எங்கள் வாசலில் கிடந்தது. அதை நான் கையில் எடுத்த நேரம், ஷூவுக்குச் சொந்தக்கார அம்மாளே தேடிக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

"இது உங்க நாயா?" என்று கேட்டார்.

கையில் எச்சில் வழியும் ஷூவோடு நான் என்ன சொல்ல முடியும்? "ஐயோ, இல்லீங்க. தெரு நாயிங்க. இங்கதான் சுத்திக்கிட்டுக் கெடக்கும்" என்றேன். வாய் கூசவில்லை. அந்த அம்மாள் நாயைப் பார்த்து, பாவம், சிறுத்தை நடமாடுகிற ஊரில் இதற்கு யாருமே இல்லையா என்றார். நானும் தலையை ஆட்டி வைத்தேன்.

மறுநாள் காலையில் வர்க்கிக்கு நாய் வரவில்லை. முந்தின இரவுதான் குழுவில் சிறுத்தை வீடியோ வந்திருந்தது. கேட்க வேண்டுமா? எட்டு மணிக்குள் எங்கள் வாசலில் துக்க வீடு மாதிரி கூட்டம். முந்தாநாள்வரை விறகுக்கட்டையை ஓங்கியவர்கள், அது மாதிரி ஒரு ஜீவன் உண்டா என்றார்கள். பக்கத்து வீட்டு அக்கா, காணாமல் போன மூன்று செருப்புகளையும் மன்னித்துவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார். என் வீட்டுக்காரருடைய டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது. தெரு நாய் என்று என் வாயால் சொல்லித்தான் சிறுத்தைக்குத் தாரை வார்த்தேன் என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து காட்டேஜ் காவல்காரர் இறங்கி வந்தார். கூட்டத்தைப் பார்த்துத் திகைத்து, விஷயம் கேட்டு, தலையைச் சொறிந்தார். "சிறுத்தையெல்லாம் இல்லீங்க. அது கார்ல ஏறிப் போயிருச்சுங்க. அவங்க சென்னைக்குக் கூட்டிட்டுப் போறாங்க. நீங்கதான் யார் ஊட்டு நாயும் இல்லீன்னு சொன்னீங்களாமா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் காவல்காரரின் போனைப் பார்த்தேன். அவர் அவர்களுக்குப் போன் போட்டுப் பேசினார். கார் பாதி மலை இறங்கி பர்லியாரில் பழக்கடைகளுக்குப் பக்கத்தில் நிற்கிறதாம். கொண்டை ஊசி வளைவுகளில் நாய் வாந்தி எடுத்து, சீட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறார்களாம். கீழிருந்து வருகிறவர்கள் ஏறும்போது எடுக்கிற வாந்தியை இவன் இறங்கும்போது எடுத்திருக்கிறான். அந்த வாந்திக்கு நான் குலதெய்வத்துக்கு நன்றி சொன்னேன்.

திரும்பினால் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்து வைத்திருந்தார். நான் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. அந்த வேகத்தில் அவர் வண்டி ஓட்டி நான் பார்த்ததில்லை.

பர்லியாரில் அவன் பலாப்பழக் கடைக்கு அடியில் ராஜா மாதிரி படுத்திருந்தான். கழுத்தில் புதுச் சிவப்பு பெல்ட். அந்த அம்மாள் அவனுக்கு பிஸ்கட் ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"நீங்கதானே தெரு நாய்னு சொன்னீங்க?"

"சொன்னேனுங்க. கையில உங்க ஷூ இருந்துச்சுங்க, அதான். அவன் என்னோட நாய்தானுங்க."

அவர் நம்பவில்லை. நம்பவும் கூடாதுதான். அப்படியானால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், வருகிறதா பார்க்கலாம் என்றார். நியாயமான பேச்சு. நான் விழித்தேன். வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் பலம் கொண்ட மட்டும் "டேய்" என்றேன்.

டீக்கடையில் நின்ற டிரைவர்கள் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். நாயும் பார்த்தது. நிமிர்ந்த காது இன்னும் நிமிர்ந்தது. என்னைப் பார்த்தது, பிஸ்கட்டைப் பார்த்தது. பிஸ்கட்டைத் தின்று முடித்தது. பிறகு அவன் எழுந்து, உடம்பை முறித்து, மெதுவாக நடந்து வந்து என் செருப்பு ஒன்றை வாயில் கவ்வி இழுத்தான். நடு ரோட்டில் உட்கார்ந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். வாந்தி நாற்றம் குடலைப் பிடுங்கியது.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். பெல்ட் அவனுக்கே இருக்கட்டும், இனி யாராவது கேட்டால் ஒழுங்காகப் பதில் சொல்லுங்கள் என்றார். ஸ்கூட்டரில் எங்கள் இருவருக்கும் நடுவே அவனைச் செருகிக்கொண்டு மலையேறினோம். ஏறும்போது அவன் வாந்தி எடுக்கவில்லை.

அன்றைக்கு வரிசை முழுக்க அவனுக்கு விருந்து. மறுநாள் விடிந்ததும் விறகுக்கட்டைகள் பழையபடி கைக்கு வந்துவிட்டன. பக்கத்து வீட்டு அக்கா ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றார். முந்தின நாள் மன்னித்த கணக்கில் இது சேராதாம்.

"ஏனுங்க, இது யாரு ஊட்டு நாய் வேலைங்க?"

பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளேயிருந்து என் வீட்டுக்காரரின் குரல் வந்தது.

"எங்க ஊட்டு நாய்தானுங்க. கொஞ்சம் இருங்க, தேடித் தர்றேன்."

அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.