பதினோரு மணி வெயில்

வெயிலை அளப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்காதீர்கள். தொண்ணூறுகளில் கோவில்பட்டிப் பக்கம் ஒரு சர்க்கார் விவசாயப் பண்ணையில் அதற்குத்தான் எனக்குச் சம்பளம். வெட்டவெளியில் கண்ணாடி உருண்டை ஒன்று இருக்கும். அதன் வழியே விழும் வெயில் பின்னால் உள்ள அட்டையைக் கருக்கிக்கொண்டே போகும். எத்தனை மணி நேரம் கருகியிருக்கிறது என்று பார்த்து, ஒரு வாய்ப்பாட்டில் போட்டு, மண்ணுக்கு வந்து சேர்ந்த வெயிலை உத்தேசமாக எழுத வேண்டும். தன் கையில் இல்லாததற்கெல்லாம் ஊருக்குப் பதில் சொல்லி அலுத்துப்போனவர்களுக்கு என் பாடு புரியும்.

நேற்றைய வெயில்

ஐப்பசியில் மேகம் மூடாப்புப் போட்டிருந்த ஒரு நாள், தீப்பெட்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லும் ஆலையை நடத்துகிற ஒருவர் வந்தார். மருந்தில் முக்கியெடுத்த குச்சி காயவில்லை, நாளைக்கு வெயில் அடிக்குமா என்று கேட்டார். அடித்த வெயிலைத்தான் சொல்ல முடியும், அடிக்கப்போவதை அல்ல என்றேன். மனுஷன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நேத்து வெயிலடிச்சது எம் முதுகுக்கே தெரியும் அண்ணாச்சி. அதுக்கு எதுக்குச் சர்க்காரு ஆளு?"

குளிர் நாட்டு வாய்ப்பாடு

அந்த வாய்ப்பாடு ஏதோ குளிர் நாட்டில் போட்டது. நம் ஊர் ஆடிக் காற்றின் புழுதி அதற்குத் தெரியாது. மேகம் மெல்லிசாக மூடியிருந்தால் அட்டை கருகாது, ஆனால் சூட்டில் உள்ளங்கால் பொத்துப்போகும், அதுவும் தெரியாது. கணக்கு இங்கே ஒத்துவரவில்லையே என்று அதிகாரியிடம் போய் நின்றேன்.

"ஒத்துவராட்டாலும் போட்டு அனுப்பும்வே. கட்டம் காலியா இருக்கக்கூடாது."

செல்லத்தாய்

எட்டயபுரம் தாண்டி ஒரு கிராமத்திலிருந்து வந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஊர்ப் பட்டாசு ஆலையில் காயப்போட்டிருந்த மருந்து காலை பதினோரு மணிக்குத் தீப்பிடித்து, அவள் புருஷனும் அடுத்த வீட்டு ராமலட்சுமியின் புருஷனும் செத்துப்போனார்கள். செல்லத்தாய் புருஷன் பீடி பற்றவைத்ததுதான் காரணம் என்று ஊர் பேசியது. கூடப் பிறந்தவள் மாதிரி இருந்த ராமலட்சுமி அன்றிலிருந்து அவள் முகத்தில் முழிப்பதில்லை. வெயில் உக்கிரமாக இருந்தால் மருந்து தானாகவே பிடிக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அன்றைக்கு வெயில் எப்படி என்று கேட்டாள். அந்தத் தேதி அட்டையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். பத்து மணியிலிருந்து உச்சி வரை கருகவே இல்லை. மூடாப்பு என்று சொல்லிவிட்டேன். அவள் அழக்கூட இல்லை.

"அவிய பீடியே தொட மாட்டாவ சார். நீங்களும் இப்படிச் சொல்லிட்டியளே."

அடுத்த வீடு

மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அவள் ஊருக்குப் போனேன். "அது எங்க பண்ணை மூடாப்பும்மா. ரோட்டுக்கு இந்தப் பக்கம் பெய்யுத மழை அந்தப் பக்கம் பெய்யாத சீமை இது. இங்கன அன்னைக்கு வெயில் கொளுத்தியும் இருக்கலாம். அடிச்சுதா அடிக்கலையான்னு எனக்குத் தெரியாது" என்றேன். அதை அடுத்த வீட்டிலும் வந்து சொல்லச் சொன்னாள்.

ராமலட்சுமி தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. சொன்னேன். அப்ப வெயில்லயே மருந்து பிடிச்சிருக்குமா என்றாள். இருக்கலாம் என்றேன். அடுத்த பெட்டியை எடுத்தவள் ஒட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள். வாசலுக்கு வெளியே நின்ற செல்லத்தாயை அப்புறம்தான் பார்த்தாள்.

"ரெண்டு வருசமும் இவகூடச் சேந்தாவது அழுதிருப்பனே சார்."

இத்தனை வருஷம் வெயிலை அளந்து நான் சொன்னதில் ஒரு வீட்டுக்காவது உதவியது, எனக்குத் தெரியாது என்று சொன்ன அந்த ஒன்றுதான்.