கோட்டுக் கடை அலாவுதீன் காக்கா

வீட்டுக்குள் நுழைந்ததும் செய்கு அலாவுதீன் காக்கா நேராகக் குளியலறைக்குப் போவார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவுவார். வாசனையே இல்லாத சோப்பு அது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குவார். கழுவிய கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் நான்காவது தடவை. பிறகு சட்டை மாற்றி, அறை மூலையில் இருக்கும் மூன்றடுக்குக் கூண்டின் திரையை விலக்குவார். உள்ளே சாம்பல் நிறத்தில் மூன்று உருண்டைகள். ஒன்றையொன்று அணைத்தபடி பகலெல்லாம் தூங்கியவை அந்தியில் மஃரிபு பாங்கு கேட்கும் நேரத்துக்கு ஒவ்வொன்றாகக் கண் திறக்கும். பெரிய காது, நீளமான மீசை, அணில் வால். காக்கா நீட்டிய விரலை மோந்து பார்த்து, சரி என்று பட்டால்தான் கை மேல் ஏறும்.

அஜ்மானில் அந்த ஒற்றை அறை ஃபிளாட்டில் படுக்க ஒரு பெட் ஸ்பேஸ் கேட்டு நான் போனது 2009 ஏப்ரலில். துபாய் அல் கூஸில் நான் வேலை பார்த்த கம்பெனி பாதி ஆட்களை ஊருக்கு அனுப்பிவிட்டு மீதிப் பேரின் சம்பளத்தில் கை வைத்திருந்தது. காக்கா வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை. நிபந்தனைகளைத்தான் சொன்னார். ஏசி இரவும் பகலும் ஓடும், இருபதுக்கு மேல் ஏற்றக் கூடாது. சென்ட் அடிக்கக் கூடாது. ஊதுபத்தி, பாச்சை உருண்டை கூடாது. ஈரத் துண்டை உள்ளே காயப் போடக் கூடாது. மனிதருக்கு ஆஸ்துமா போல என்று நினைத்தேன்.

"எனக்கில்ல தம்பி, அதுகளுக்கு" என்று திரையை விலக்கிக் காட்டினார்.

"எலியா காக்கா?" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பி.எஸ்சி. விலங்கியல். கமுதிப் பக்கம் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கொறிக்கும் விலங்குகளைப் பற்றிப் பத்து மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதியவன். அண்ணனைக் காக்கா என்று கூப்பிடும் கீழக்கரையில் எட்டாவதோடு படிப்பை விட்ட மனிதர் எனக்குப் பெயர் சொல்லித்தந்தார்: சின்சில்லா. தென் அமெரிக்காவில் குளிர்ந்த மலைமேல் வாழும் பிராணியாம். வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொளுத்தும் ஊரில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அன்று முதல் ஏப்ரல் மாதத்தில் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கிய ஒரே கமுதிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

காலையில் ஐந்தரைக்கே காக்காவின் வேலை ஆரம்பித்துவிடும். சின்ன பிரஷ்ஷால் கூண்டின் தட்டுகளைக் கூட்டி, புழுக்கைகளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பி ஆராய்வார். சிறுத்திருந்தால் ஒன்று சரியாகத் தின்னவில்லை என்று அர்த்தம். எது என்று கண்டுபிடிக்காமல் டூட்டிக்குக் கிளம்ப மாட்டார். ஷார்ஜாவில் குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் ஒரு பாகிஸ்தான் பட்டாணியிடமிருந்து காய்ந்த புல் வரும். அதைப் பிரித்து ஈரம் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். இவற்றுக்குப் பல் வளர்ந்துகொண்டே இருக்குமாம். கடிக்க எதுவும் இல்லையென்றால் வாயை மூட முடியாமல் பட்டினி கிடந்து செத்துப்போகுமாம். அதற்காக ஆப்பிள் மரக் குச்சிகள். வெள்ளிக்கிழமை தோறும் மளிகைத் தராசில் எடை. ஒரு தடவை ஒன்று பத்து கிராம் குறைந்ததற்கு அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

குளியல் விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. தண்ணீர் பட்டால் ரோமம் உள்ளுக்குள் காயாமல் பூஞ்சை பிடிக்குமாம். ஆகவே மண்குளியல். அதுவும் மாவு போன்ற மண். அதைக் கடையில் டப்பாவில் விற்கிறார்கள். ஒரு தட்டில் கொட்டி வைத்தால் மூன்றும் வரிசையாக வந்து உருண்டு புரண்டு, எழுந்து ஒரு சிலிர்ப்புச் சிலிர்க்கும். அறையெல்லாம் புகைமூட்டம் ஆகும். "பாலைவனத்துல உக்காந்துக்கிட்டு மண்ணை விலைக்கு வாங்குறவன் நான் ஒருத்தன்தான்" என்று அவரே சிரிப்பார். "தண்ணியே ஆகாத பொறப்பு தம்பி. ஆயுசுக்கும் தயம்மும்தான்." தொழுகைக்கு முன் தண்ணீர் கிடைக்காத இடத்தில் மண்ணைத் தொட்டுச் சுத்தம் செய்துகொள்வதை அப்படிச் சொல்வார்கள்.

ஊரிலிருந்து மனைவி ஹஃபீஸா பேசினால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் கூண்டைத் துடைப்பார். அந்த அம்மாவுக்குத் தெரியும், எதிரில் நான் இருக்கிறேன் என்று. சாட்சிக்கு ஆள் இருப்பதாலேயே குரல் கூடும். "எலிக்கு ஏசி. இங்க கரண்டு போயி மூணு மணி நேரமாச்சு. அடுத்த தடவை வரும்போது ஒரு கூண்டு கொண்டாங்க, நானும் ஷஹீராவும் ஏறி உக்காந்துக்கிறோம்." ஷஹீரா மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. காக்கா, "கேட்டியா, உங்க சின்னம்மா கோவமா இருக்கா" என்று கூண்டுக்குள் இருப்பதில் மூத்ததிடம் சொல்லுவார்.

அவர் வேலை பார்ப்பது துபாய் தேராவில் ஒரு கோட்டுக் கடையில் என்று மட்டும் எனக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு சூட்டு என்று நினைத்திருந்தேன். ஜூன் மாதம் ஒரு நாள் செல்போனை மறந்து வைத்துவிட்டுப் போனார், கொடுக்கப் போனேன்.

அது தோல் கோட்டுக் கடை. ரஷ்யாக்காரிகள் வந்து வாங்கும் ரோமக் கோட்டுகள். காக்கா அதன் ஸ்டோர் கீப்பர். பின்பக்கம் வங்கிப் பெட்டகம் மாதிரி ஒரு கனத்த கதவு, அதற்குள் குளிர் அறை. கோடைக்காலம் முழுக்கக் கோட்டுகள் அங்கேதான் தொங்கும். சாம்பல் நிறத்தில் ஒன்றைக் காட்டி, "கையை உள்ள விடுங்க தம்பி" என்றார். விட்டேன். விரல் காணாமல் போனது. நேற்று இரவு என் மடியில் ஏறி உட்கார்ந்த அதே மென்மை. கையை எடுக்கத் தோன்றாமல் நின்றேன்.

"ஒரு கோட்டுக்கு எத்தனை, காக்கா?"

"நூத்தி இருவது. ஆளு கொஞ்சம் பருமன்னா நூத்தம்பது."

கையை எடுத்துவிட்டேன். அவர் எதையும் மறைக்கிற மாதிரியோ வருத்தப்படுகிற மாதிரியோ சொல்லவில்லை. அரிசி மூட்டையின் எடையைச் சொல்வது போலச் சொன்னார்.

சுவரில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இங்கிலீஷ் படித்தவனாயிற்றே என்று வாசித்தேன். குளிர்ச்சி குறையக் கூடாது. ஈரம் ஆகாது. தண்ணீர் படக் கூடாது. சென்ட் தெளிக்கக் கூடாது. பாச்சை உருண்டை வைக்கக் கூடாது. நெருக்கி வைக்கக் கூடாது. நாங்கள் குடியிருக்கும் அறையின் நிபந்தனைகள் அவை. ஒன்று கூடக் குறையவில்லை.

"அதைப் பாத்துத்தான் வளக்குறேன்" என்றார் காக்கா. "கோட்டுக்குச் சொன்னது அதுகளுக்கும் பொருந்துது. கோட்டை மரத்தூள்ல பொரட்டித்தான் சுத்தம் பண்ணுவோம். அதே மாதிரி முதல்ல மரத்தூளைத்தான் போட்டேன். அப்புறம் டாக்டரு மண்ணுன்னு சொன்னாரு. பல்லு ஒண்ணுதான் எனக்குத் தெரியாதது. கோட்டுல பல்லு இல்லையே."

மூன்றும் கிடைத்தது அந்த வருஷம் பிப்ரவரியில். வேலை போன ஏதோ ஒரு குடும்பம் ஃபிளாட்டை அப்படியே போட்டுவிட்டு விமானம் ஏறிவிட்டது. அந்தக் கட்டடத்துக் காவலாளியான நாத்தூர், சோபாவோடு சோபாவாகக் கூண்டையும் குப்பைத் தொட்டியருகே இறக்கி வைத்திருக்கிறார். கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் போன காக்கா, பெருச்சாளி என்று ஒதுங்கித்தான் நடந்தாராம். கம்பியின் இடுக்கில் துருத்திக்கொண்டிருந்த ரோமம் விரலில் பட்டுவிட்டது. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"பதினோரு வருசமா தோலைத் தடவிக்கிட்டு இருந்தவன் தம்பி நானு" என்றார். "அதுக்குக் கண்ணு இருக்கும்னு அன்னைக்குத்தான் தெரியும்."

கடையில் இதைப் பற்றி மூச்சு விட முடியாது. முதலாளியை அவர் அர்பாப் என்பார். குளிர் அறைக்குள் நின்று சமோசா தின்ற பங்களாதேஷ்காரர் ஒருவரை அர்பாப் அன்றைக்கே விசாவை கேன்சல் செய்து அனுப்பியிருக்கிறார். ஒரு துணுக்கு வாசனை, ஒரு பூச்சி, ஒரு பல் தடம் போதும், கலாஸ், கதை முடிந்தது. ஐம்பத்திரண்டு வயதில் வேறு எந்தக் கடை எடுக்கும்?

ஒரு நாள் அவர் வர நேரமாகவே, கூண்டை நானே திறந்தேன். மூன்றில் சின்னக் குட்டி நழுவிக் கட்டிலுக்கடியில் ஓடியது. கோழி பிடிக்கிற கை அல்லவா, லபக்கென்று பிடித்தேன். அது போய்விட்டது, என் கையில் ஒரு பிடி ரோமம் மட்டும் நின்றது. உயிரோடு உரித்துவிட்டேன் என்று நினைத்தேன். வந்து பார்த்த காக்கா திட்டவில்லை. பயந்தால் ரோமத்தை விட்டுவிட்டு உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளுமாம். "எடுத்துக்கிட்டுப் போன்னு குடுத்துட்டு ஓடுது பாத்தீங்களா" என்றார். அந்த ரோமத்தை என் கையிலிருந்து வாங்கி, எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றார்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்து மணிக்கு எங்கள் கட்டடத்தின் மெயின் போர்டு கருகிவிட்டது. எலெக்ட்ரீஷியன் மாலை அஸர் தொழுகைக்கு அப்புறம்தான் வருவான் என்று எங்கள் நாத்தூர் கையை விரித்தார். கூண்டில் தொங்கிய தெர்மாமீட்டர் இருபத்து நாலு காட்டியது. பதினொன்றுக்கு இருபத்தெட்டு. ஃப்ரிஜ்ஜில் குளிர்ந்து கிடந்த பளிங்குக் கல்லை உள்ளே வைத்தோம், உறைந்த தண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி வைத்தோம். மூத்தது பக்கவாட்டில் சரிந்து படுத்தது. அதன் காதுகள், வெற்றிலை போட்ட வாய் மாதிரி சிவந்திருந்தன. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. அந்த ஊரில் வெள்ளிக்கிழமை காலையில் எந்த மிருக டாக்டர் கடையும் திறந்திருக்காது.

"இன்னும் ஒரு மணி நேரம். மௌத்தாப் போயிரும்" என்றார் காக்கா. பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். கடைச் சாவி அதில் இருந்தது. கடை நாலு மணிக்குத்தான் திறக்கும்.

குளிர் அறையைத்தான் நினைக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. "காக்கா, அர்பாப் பாத்தா?"

"பாத்தா ஊருக்குப் போவேன். அங்கயாச்சும் ஹஃபீஸா இருக்கா. இதுகளுக்கு யாரு இருக்கா?"

பயணக் கூண்டில் மூன்றையும் வைத்து வெள்ளைத் துணியால் மூடி டாக்ஸியில் ஏறினோம். பட்டாணி டிரைவர் எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டார். எலி என்றால் இறக்கிவிடுவார் என்று, முயல் என்று இந்தியில் சொன்னேன். முயலுக்கு என்ன அவசரம் என்று சிரித்தாலும் ஏசியை முழுசாகத் திருப்பிவிட்டார். மம்ஸார் தாண்டும்போது ஜும்மாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். காக்கா வெளியே ஒரு தடவை பார்த்தார், துணிக்குள் கையை விட்டு மூத்ததின் வயிற்றைத் தொட்டார், வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.

தெருவில் ஈ காக்கை இல்லை. பின்வாசல் வழியாகப் போய்க் கனத்த கதவைத் திறந்து கூண்டைத் தரையில் வைத்தார். கதவு எங்களுக்குப் பின்னால் மூடியது. பனி மாதிரிக் குளிர். இரண்டு பக்கமும் கோட்டுகள், ஆள் நிற்பது போல வரிசையாக. காற்றுப் படட்டும் என்று அவற்றின் கறுப்புத் துணி உறைகள் எல்லாம் ஜிப் திறந்தே தொங்கின. திறப்புகளில் சாம்பல் ரோமம் தெரிந்தது. நாங்கள் தரையில் குந்திக்கொண்டோம். பத்து நிமிஷம் இருக்கும். பதினைந்து கூட இருக்கலாம். எனக்குப் பல் தந்தியடித்தது.

துணிக்குள்ளிருந்து கறக் கறக் என்று சத்தம். யாரோ குச்சியைக் கடிக்கிறார்கள். அப்புறம் இன்னொரு சத்தம், அதைவிட மெதுவாக. அப்புறம் மூன்றாவது.

காக்கா கண்ணை மூடித் திறந்தார். நான் பாய்ந்து துணியை விலக்கப் போனேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க தம்பி."

எழுந்தார். வரிசையின் முதல் கோட்டருகே போய் அதன் உறையைக் கீழிருந்து கழுத்து வரை ஜிப் இழுத்து மூடினார். அடுத்ததையும். அதற்கடுத்ததையும். சத்தம் வராதபடி, தூங்குகிற பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி, அந்தப் பக்கம் முடித்து இந்தப் பக்கமும் மூடிக்கொண்டு வந்தார். கடைசிக் கோட்டின் கை மட்டும் உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை முழங்கையில் மடக்கி, உள்ளே தள்ளி, ஜிப்பை ஏற்றிவிட்டு, திரும்பி வந்து கூண்டின் முன் மண்டியிட்டுத் துணியை எடுத்தார்.