போண்டாவுக்கு வந்த குளிர்காலம்

போன வாரம் ஏ.சி. சர்வீசுக்கு வந்தவர் கட்டிலை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினால், சுவரோரம் ஒரு கைப்பிடி சூரியகாந்தி விதைத் தோல். கூடவே பழைய மரத்தூள் வாசம்.

"இம்புட்டு வருசமா இங்கிட்டு வெளக்குமாறே போகலையா?" என்று மனைவி என்னைப் பார்த்தாள். அவளும் இதே வீட்டில்தான் இருக்கிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏ.சி.க்காரர் இருந்ததால் விட்டுவிட்டேன். அவர் இல்லாவிட்டாலும் விட்டிருப்பேன்.

அது போண்டாவின் சேமிப்பு. போண்டா, என் மகள் ஜெனி பள்ளிக்கூடம் போன நாட்களில் வளர்த்த ஹாம்ஸ்டர். பிறந்தநாள் பரிசாக அதை வாங்கிவந்தவன் என் மச்சினன் சவரி. திண்டுக்கல்லில் எலியை விரட்டப் பொறி வாங்குகிற குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். எலியைக் கூண்டோடு வாங்கிவந்து, அதற்குச் சக்கரமும் வாங்கிக் கொடுத்த குடும்பம் எங்களுடையது.

சவரிக்கு வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை. நைட் ஷிப்ட் முடிந்தால் மில் பஸ்ஸைப் பிடித்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். அக்காள் மேல் பாசம் என்று நான் நினைத்திருந்தேன். ஏ.சி. மேல் என்று பிறகு தெரிந்தது. போண்டாவும் பகலெல்லாம் தூங்கி, ராத்திரியெல்லாம் சக்கரத்தில் ஓடும் ஜாதி. கீச், கீச், கீச். தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தேன். எண்ணெயை நக்கிவிட்டு முன்னைவிட வேகமாக ஓடியது. வெயில் தாங்காது என்று ஜெனி கூண்டை ஏ.சி. அறையில் கட்டிலோரம் வைத்ததிலிருந்து, ஒரே ஷிப்ட்காரர்கள் இருவரும் ஒரே அறையில் படுத்தார்கள்.

அப்படி ஒரு மே மாதக் காலை. ஜெனி மாதா கோயிலில் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். கூண்டுக்கு விதை போடப் போன மனைவி, "ஏங்க, இங்க வாங்களேன்" என்றாள். போண்டா சுருண்டு கிடந்தது. தொட்டால் ஃபிரிட்ஜில் வைத்த உருளைக்கிழங்கு மாதிரி ஜில்லென்று இருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை மூக்கருகே பிடித்தோம். ஆவி படியவில்லை.

"போயிருச்சு. புள்ள வர்றதுக்குள்ள முருங்கைக்கடியில பொதைச்சிருங்க. ஓடிப்போச்சுன்னு சொல்லிக்கலாம்."

நான் போனில் தேடினேன். குளிர் அதிகமானால் ஹாம்ஸ்டர் செத்ததுபோல உறங்கிவிடுமாம், மூச்சு எப்போதாவதுதான் வருமாம், கையில் வைத்து மெல்லச் சூடேற்றிப் பார்க்க வேண்டுமாம்.

"குளிர்ல தூங்குதா? திண்டுக்கல்லுலயா? மே மாசத்துலயா?" என்றாள் மனைவி.

நியாயமான கேள்வி. அப்போதுதான் எனக்கே நடுக்கம் எடுப்பதைக் கவனித்தேன். ஏ.சி. பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் ரெண்டு போர்வைக்குள் சவரி.

"ஏலே, யாரு இதைப் பதினாறுல வச்சது?"

போர்வை பேசியது. "ராத்திரி பூரா மில்லுல வெந்துட்டு வாரேன் மாமா. கொஞ்சம் குளுந்து படுக்க விடமாட்டீங்களா?"

"எலி செத்துக் கெடக்குடா!"

"தூங்கும் மாமா. நானும்தான் தூங்குறேன், என்னையப் பொதைச்சிட்டீங்களா?"

ஆசை இருந்தது.

போண்டாவை இரு கைக்குள் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். உயிர் இருந்து புதைத்துவிட்டால் அந்தப் பாவம் என் தலையில். உயிர் இல்லாமல் வைத்திருந்தால், ஜெனி வரும்போது அவள் அப்பன் கையில் பிணம். பக்கத்து வீட்டு செல்வி அக்கா விஷயம் கேட்டு, மடியில் செவ்வந்திப் பூவோடு வந்துவிட்டார்.

"அக்கா, இன்னும் முடிவாகல."

"இருக்கட்டும் தம்பி. வாடாத பூதான், வெயிட் பண்ணும்."

இந்தப் பக்கம் மனைவி கடப்பாரையோடு, அந்தப் பக்கம் அக்கா பூவோடு. நடுவில் நான், அடைகாக்கிற கோழி மாதிரி. உள்ளங்கை வியர்த்து, கழுத்து வலித்து, எல்லாரையும் திட்டலாம் என்று வாயைத் திறந்தபோது ஒரு மீசை முடி அசைந்தது. காற்றாக இருக்கும் என்று மூச்சை அடக்கிக்கொண்டேன். மறுபடி அசைந்தது. பிறகு உடம்பு முழுக்க வெடவெடவென்று நடுங்கியது. கண் திறந்தது. என்னைப் பார்த்தது. விரலைக் கடித்தது.

நான் அலறிய நேரம் பார்த்து ஜெனி கேட்டைத் திறந்தாள்.

"அப்பா! அது தூங்குற நேரத்துல ஏன் எழுப்புறீங்க? அறிவே இல்லையா உங்களுக்கு?"

யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. கடப்பாரை மட்டும் சத்தமில்லாமல் கொல்லைக்குப் போய்விட்டது.

போண்டா அதன்பிறகு ஒரு வருஷம் ஓடியது. ஒரு நாள் மறுபடி ஜில்லென்று கிடந்தது. அன்று ஏ.சி. ஓடவில்லை. ஜெனி அதைக் கையில் பொத்திக்கொண்டு அதே வாசலில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது, "மீசை ஆடும்ப்பா, பாருங்க" என்றாள். ஆடவில்லை. செல்வி அக்காவின் பூ அந்த முறை சரியான நேரத்துக்கு வந்தது.

சவரி மில்லை விட்டுவிட்டு வடமதுரையில் டீக்கடை வைத்திருக்கிறான். ஜெனி இப்போது சென்னையில், ராத்திரி வேலை. அவள் வருகிறாள் என்றுதான் இந்த ஏ.சி. சர்வீஸ். நேற்று காலை வந்து படுத்தவள், மதியம் ரெண்டு மணியாகியும் எழவில்லை. "போயி என்னன்னு பாருங்க" என்று மனைவி அனுப்பினாள். கதவைத் திறந்து, போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

போர்வை பேசியது. "உயிரோடதான்ப்பா இருக்கேன். கதவைச் சாத்துங்க, குளிரு போகுது."

பதினாறில் இருந்ததை இருபத்தாறாக்கிவிட்டுச் சாத்தினேன். முன்பெல்லாம் அந்த அறையிலிருந்து கீச் கீச்சென்று கேட்டால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தலையணையால் காதை மூடிக்கொண்டு, திட்டியபடியே தூங்கிவிடலாம். இப்போது நானே எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.