குளிர்த்திப் பானைக்குள் ஸ்பீக்கர்

எங்கள் வீட்டு ஹோலில் மூன்று கதிரைகள் உண்டு. இரண்டில் யாரும் இருக்கலாம். நடுவில் கிடக்கும் பிரம்புக் கதிரையை மட்டும் தொடக்கூடாது. ஒரு சாண் நகர்த்தினாலும் என் மனைவி மேனுகா கண்டுபிடித்துவிடுவாள். தரையில் சோக்கால் அடையாளம் போட்டு வைத்திருக்கிறாள். அதற்கு எதிரே சுவரோரமாக இடுப்பளவு உயரத்தில் இரண்டு முதிரைப் பலகைப் பெட்டிகள். அவற்றுக்கு இடையில் அவளுடைய அம்பிளிபயர். போன மாரியில் வெள்ளம் வாசற்படிக்கு வந்தபோது அவள் முதலில் தூக்கிப் பரணில் வைத்தது அதைத்தான். நெல் மூட்டை இரண்டாவது. நான் நீந்துவேன் என்று நினைத்தாள் போலும்.

வெல்லாவெளிச் சங்கக்கடையில் பருப்பு நிறுத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு இந்தக் கிறுக்கு எங்கிருந்து வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரியும். தொடங்கிய அன்று நானும் பக்கத்தில் நின்றேன்.

மேனுகா என் தாய்மாமன் மகள், எனக்கு மச்சாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. ஓட்டமாவடியிலிருந்து பழைய இரும்பு எடுக்க வரும் கச்சி முகம்மதுவின் லொறியில் ஒரு நாள், நொறுங்கிய வான் ஒன்றின் கசெற் செற்றும் கதவுகளில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் கிடந்தன. வீட்டிலிருந்த ஓட்டை அலுமினியக் கிடாரத்தைக் கொடுத்து இவள் அவற்றை வாங்கிவிட்டாள். பக்கத்து வளவு இராசதுரை மாமாவின் உழவு மெசின் பற்றறியில் கொழுவினாள். பாடியது. ஆனால் தகரத்துக்குள் நுளம்பு புகுந்தது போல ஒரு பாட்டு!

ஸ்பீக்கரைப் பானை வாயில் வைத்தால் கனத்த அடிச்சத்தம் வரும் என்பது அந்த நாளில் எங்கள் பக்கத்துப் பெடியன்கள் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் ஒரு பானையோடு திருப்திப்பட்டார்கள். இவளுக்கு அது போதவில்லை. ஸ்பீக்கர் இரண்டென்றால் பானையும் இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று நின்றாள்.

வீட்டில் ஒரே அளவில் இருந்தவை இரண்டே இரண்டு பானைகள். வைகாசி மாதம் அது. மறுநாள் கண்ணகி அம்மன் கோயிலில், அம்மாளின் கோபத்தைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பொங்கல். அதற்கென்று வாங்கி, யாரும் புழங்காமல் மஞ்சள் துணி கட்டி மேலே வைத்திருந்த புதுப்பானைகள். ஒன்று வீட்டுப் பொங்கலுக்கு. மற்றது, மேனுகா ஓ.எல். சோதனை பாஸ் பண்ணினால் பொங்குவதாக அவளுடைய அம்மா, எங்கள் சின்னத்தங்கம் மாமி, வைத்த நேர்த்திக்கு. இவளும் பாஸ் பண்ணித் தொலைத்திருந்தாள்.

மாமி கோயில் வளவு கூட்டப் போன நேரத்தில் நான் அங்கே போனேன். மேனுகா இரண்டு பானைகளின் அடியிலும் ஆணியால் ஓட்டை போட்டு வயரை வெளியே இழுத்துவிட்டிருந்தாள். மாமி வருகிறாரா என்று வாசலை எட்டிப் பார்த்தேன். பானைகளைச் சரித்து, தென்னம்மட்டை அண்டை கொடுத்து, ஒரு நாதஸ்வரக் கசெற்றைப் போட்டாள். அவ்வளவுதான், துள்ளி எழும்பிக் கத்தினாள்.

"மச்சான், ஓடி வா! இஞ்ச இரி, நடுவில இரி!"

இருந்தேன். கடவுளே! வலது பக்கம் தவில். இடது பக்கம் தாளம். நாதஸ்வரம் எந்தப் பானையிலும் இல்லை, இரண்டுக்கும் நடுவே வெறுந்தரையில் ஒருவர் உட்கார்ந்து ஊதினார்! உடம்பெல்லாம் புல்லரித்தது. நாங்கள் இருவரும் மாறி மாறி நடுவிடத்துக்குச் சண்டை பிடித்தோம். மாமி வாசலில் வந்து நின்றதை இரண்டு பேருமே காணவில்லை.

"அம்மாளுக்கு எடுத்து வெச்ச பானையடி!"

மாமி உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "குமர்ப்பிள்ளைக்கு என்னத்துக்கடி வயரும் பற்றறியும்? இண்டையோட இந்த வேலை சரி!" சொன்னால் செய்கிற மனிசி. பானையோடு செற்றும் போகும், மேனுகா இனி ஒரு வயரைத் தொட முடியாது என்று எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கியது. முகம் வெளிறிப்போய், ஆனாலும் அசையாமல் நின்றாள்.

"உடைங்கம்மா. ஒருக்கா நடுவில இருந்து கேட்டுப்போட்டு உடைங்க."

மாமி ஏன் நடுவில் போய் இருந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மேனுகா கசெற்றைத் திரும்பப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் மாமி எழுந்து, இரண்டு பானைகளுக்கும் இடையில் போய், தரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"இஞ்ச ஒண்டுமில்லையே கா. ஊதுறவன் எங்க?"

மேனுகா சிரித்தாள். மாமியும் சிரித்துவிட்டார். "மறுகா ஒருக்காப் போடு, புள்ள" என்று பழைய இடத்தில் வந்து இருந்தார். அன்று பொழுதுபடுவதற்குள் களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓடி வேறு இரண்டு பானை வாங்கி வந்தது நான்தான். என்னை யாரும் பாராட்டவில்லை.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஒழுங்கைக்குக் கரண்ட் வந்தது, பானைகள் போய்ப் பெட்டிகள் வந்தன. ஜப்பான் பழைய சாமான் இறங்கினால் கச்சி முகம்மது முதலில் அவளுக்குத்தான் போன் எடுப்பார். எங்கள் பக்கத்தில் வீட்டை மகளுக்குக் கொடுப்பதுதான் வழக்கம், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருக்க வேண்டும். மாமி மகளுக்கு வீடு கட்டியபோது மேனுகா வெறும் ஹோலில் நின்று கைதட்டித் தட்டி எதிரொலி பார்த்து, மேசன் வைத்த ஒரு ஜன்னலை மூடச் சொன்னாள்.

எங்களுக்குச் சம்பந்தம் பேசிய நாளில் என் அம்மா மெதுவாகத் தொடங்கினார். "எல்லாம் சரி மச்சாள். கலியாணத்துக்கு முதல் அந்தப் பெட்டியளை மட்டும் லொறியில ஏத்தி அனுப்பிப்போட்டா நல்லம். குடும்பம் நடத்துற வீடு."

மேனுகா என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்தேன். பெட்டிகள் போய்விடும் என்றே நினைத்தேன்.

மாமி வெற்றிலைத் தட்டத்தைக் கீழே வைத்தார்.

"வீட்டை என்ட மகளுக்கு எழுதிக் குடுக்கிறன் மச்சாள். ஹோலுக்க நடுவில ஒரு கதிரை வைக்கிற இடம் மட்டும் எனக்கு வேணும். அதுக்கு முன்னால ரெண்டு பக்கமும் பெட்டி இருக்கோணும்."

என் அம்மா அந்தத் தட்டத்திலிருந்து வெற்றிலையை எடுத்தார். மேனுகா மாமியைக் கட்டிப்பிடித்து, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் விக்கி விக்கி அழுதாள்.

இப்போதும் பின்னேரத்தில் மாமி வந்து அந்தப் பிரம்புக் கதிரையில் இருப்பார். "போடு, புள்ள" என்பார். மேனுகா அவருடைய காலடியில் தரையில் இருப்பாள். எனக்கு இடது பக்க மூலைக் கதிரை. அங்கே தாளம் மட்டும்தான் கேட்கும்.