முடிச்சுப் போடாமல் நூல் தொடங்குவது

மேட்டித் துணிக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? கட்டம் கட்டமாக ஓட்டை தெரியும், பெண்பிள்ளைகள் கிராஸ் ஸ்டிட்ச் போடுகிற துணி. கடையில் வாங்கிப் பிரித்ததும் கஞ்சியும் புழுதியும் கலந்த ஒரு நெடி வரும். எனக்கு அது புதுச் சாக்கை ஞாபகப்படுத்துகிறது. இந்த வயதில் நான் தையல் துணியை முகர்ந்து பார்க்கிற ஆள் ஆகிவிட்டேன் என்பதே வெளியில் சொல்லக்கூடிய சேதி இல்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும்.

போன மழைக்காலத்தில் எனக்கு லேசாக வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது போகவில்லையே என்று வருத்தப்பட்டவர்கள் ஊரில் உண்டு. கால் திரும்பியது, தோள் திரும்பியது, விரல் மட்டும் திரும்பவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

இதில் லாக்கர் விவகாரம் வேறு. என் மனைவி வசந்தாவின் காசு மாலை பாங்கு லாக்கரில் இருக்கிறது. லாக்கர் என் பெயரில் இருக்கிறது. அவள் தங்கை மகளுக்கு வைகாசியில் கல்யாணம். முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று போனால், கையெழுத்து வாய்க்காலை விட்டு வயலில் இறங்கிய தண்ணீர் மாதிரி கண்டபடி ஓடுகிறது. அங்கே இருந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார்.

“பரவால்லீங்க ஐயா, இடது கை பெருவிரல் வைங்க. சாட்சி போட்டு எடுத்துக்கலாம்.”

பெருவிரலா! நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனால் என் கையெழுத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கடைசி எழுத்தை வளைத்து மேலே தூக்கி, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைப்பேன். ஒரு தாசில்தாரே பார்த்துவிட்டு, “என்ன படிச்சிருக்கீங்க?” என்று கேட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் முதல் அறுவடை மிஷின் வாங்கியவன் நான். இன்று நாலு பேருக்கு வேலை கொடுக்கிறேன் என்றால் எல்லாம் அந்தக் கையெழுத்தின் அடியில் வந்தது. “கல்யாணத்துக்குள்ள கையெழுத்தோட வர்றேம்மா” என்று எழுந்து வந்துவிட்டேன்.

வீடு வரும்வரை வசந்தா விடவில்லை. “கைநாட்டு வச்சு எடுத்தா என்ன, தங்கம் கறுத்தா போயிடும்?”

விரலுக்குப் பயிற்சி கொடுக்க ஸ்கூட்டியில் ஒரு பெண் வருவாள். சிரித்துக்கொண்டே எலும்பை முறிப்பாள். என்னை அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவள்தான் மேட்டித் துணியையும் முனை மழுங்கிய ஊசியையும் கொண்டுவந்து வைத்தாள்.

“பேனா பிடிக்கணும்னா மொதல்ல ஊசி பிடிக்கணும்ப்பா.”

“இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்மா.”

“அப்ப அன்னிக்கு சாக்கு தச்ச கதை சொன்னீங்களே, அது யாரு சமாச்சாரம்?”

வாயால் கெட்டேன். சாக்குக் கதையை நான் யாரிடம்தான் சொல்லாமல் விட்டேன்? மீசை முளைத்த புதிதில் திருப்பனந்தாள் பக்கம் ஒரு அரிசி மில்லில் மூட்டைக்கு வாய் தைக்கச் சேர்ந்தேன். நெல் அவிக்கிற ஆவியில் சட்டை எப்போதும் ஈரமாகவே இருக்கும். அந்தப் புழுங்கல் வாடை தலைக்குக் குளித்தாலும் போகாது. சாக்கின் மூலையைக் காது மாதிரி திருகி, சணல் முனையில் முடிச்சுப் போட்டு, அந்தக் காதை இறுக்கிக் கட்டித்தான் தையலைத் தொடங்க வேண்டும். தொடக்கத்து முடிச்சு தளர்ந்தால் தீர்ந்தது. லாரி போகிற வழியெல்லாம் அரிசி கோலம் போட்டுக்கொண்டே போகும். என் முடிச்சு ஒன்றுகூட அவிழ்ந்ததில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து கோவிந்தன் தைப்பான். கை சுத்தம், ஆனால் நிதானம். “டேய் கைநாட்டு, சீக்கிரம் தையிடா” என்பேன். நான் அதற்குள் மில் கணக்குப்பிள்ளையைப் பிடித்துக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டிருந்தேன். அவனுக்குக் கோபமே வராது. “நீ கலெக்டரு, நீ தையி” என்று சிரிப்பான்.

ஆகவே எனக்குத் தையல் என்றால் முடிச்சு. மேட்டித் துணியிலும் அப்படியே ஆரம்பித்தேன். துணியில்தான் ஓட்டை பெரிதாயிற்றே, முடிச்சு சுலபமாக முன்பக்கம் வந்துவிட்டது. இன்னும் பெரிதாக வேண்டும். போடுவது யார்? என் வலது கையால் ஒரு முடிச்சுகூடப் போட முடியவில்லை. துணியை மாட்டிய வளையத்தை முழங்காலால் அழுத்திக்கொள்வேன். ஊசியை வாழைத்தண்டுத் துண்டில் குத்தி நிறுத்தி எப்படியோ நூலையும் கோத்துவிடுவேன். அதற்குமேல் “வசந்தா!” என்று கூப்பிட வேண்டும். நூல் தீர்கிற ஒவ்வொரு தடவையும்.

“வந்துட்டேன், வந்துட்டேன். மகராசனுக்கு முடிச்சுப் போடத்தானே பொறந்தேன்.”

முடிச்சைப் போட்டுவிட்டுச் சும்மா போவாளா? துணியைத் திருப்பினாள். “பின்பக்கத்தப் பாருங்க. ஆட்டுப் புழுக்க கொட்டுன மாதிரி இருக்கு.”

அவள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சரிடம் கற்றவள். முடிச்சே போடக்கூடாதாம். நூலில் ஒரு வாலைப் பின்னால் விட்டு, அதை விரலால் பிடித்துக்கொண்டு, வருகிற தையலெல்லாம் அதன்மேல் விழும்படி போட வேண்டுமாம். செய்து காட்டினாள், அழகாகத்தான் இருந்தது. என் விரலுக்கு வால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஊசியை இழுத்தால் வாலும் சேர்ந்து வந்துவிட்டது. இன்னொரு வழியும் காட்டினாள். துணியின் முன்பக்கத்தில் சற்றுத் தள்ளி முடிச்சைக் குத்தி, அதை நோக்கித் தைத்துக்கொண்டே வந்து, பின்னால் நூல் பிடித்துக்கொண்டதும் முடிச்சை வெட்டி எறிந்துவிடுவது. பின்பக்கம் சுத்தமாக வந்தது. ஆனால் வெட்டுவதற்கும் ஒரு முடிச்சு வேண்டுமே. மறுபடி வசந்தா.

ஒரு நாள் விதை நெல் கடைக்காரர் திடீரென்று உள்ளே வந்துவிட்டார். துணியைப் பேப்பருக்குள் மறைத்தேன். முனை மழுங்கிய ஊசிதான், அவசரத்தில் அதன்மேலேயே உட்கார்ந்ததில் தொடையில் ஏறியது. அவர் காவிரியில் தண்ணீர் எப்போது வரும் என்று பேசிக்கொண்டே இருக்க, நான் முகத்தைச் சுளிக்காமல் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். ஊருக்கே மத்தியஸ்தம் பண்ணுகிறவன், ஊசியின்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

கடைசியில் செல்போனில் தேடினேன். எந்த ஊர்க்காரியோ, முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. யார் காதிலும் விழக்கூடாது என்று சத்தத்தை அடைத்துவிட்டுப் பார்த்தேன். ஒற்றை இழையை இரண்டு மடங்கு நீளத்துக்கு எடுக்கிறாள். அதைப் பாதியாக மடித்து, இரண்டு முனையையும் சேர்த்து ஊசிக் காதில் கோக்கிறாள். அந்தப் பக்கம் மடிப்பு ஒரு கண்ணி மாதிரி தொங்குகிறது. துணியின் பின்னாலிருந்து குத்தி எடுத்து, கண்ணியைப் பின்னாலேயே விட்டுவிட்டு, குறுக்கே அடுத்த ஓட்டையில் இறக்குகிறாள். பின்பக்கம் ஊசியை அந்தக் கண்ணிக்குள் விட்டு இழுக்கிறாள். பிடித்துக்கொண்டது. முடிச்சு இல்லை, வால் இல்லை.

நான் செய்து பார்த்தேன். முதலில் கண்ணி நழுவியது. பிறகு ஒரு தடவை ஊசி உள்ளே போய், இழுத்ததும் நின்றது. யாரையும் கூப்பிடாமல் நானே ஒரு நூலைத் தொடங்கிவிட்டேன். முதல் மிஷின் வயலில் இறங்கியபோதுகூட நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளவில்லை. ஒரு வரி முழுதும் போட்டு வசந்தாவிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாரு சொல்லிக் குடுத்தா?”

“யாரு சொல்லணும்? நானே யோசிச்சுக் கண்டுபிடிச்சேன்.”

“ம். அந்தப் பொண்ணு போட்டிருந்த வளையல் நல்லா இருந்துச்சு. ஒங்க பின்னாடி நின்னு நானும் பாத்தேன்.”

வைகாசி வந்தது. ஊசி பிடித்த விரல் பேனாவையும் பிடித்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாங்குக்குப் போனேன். பெயரை எழுதினேன். முழுப்பெயரும் வந்துவிட்டது. கோடும் இழுத்தேன், புள்ளியும் வைத்தேன். அந்த அதிகாரி கம்ப்யூட்டரில் என் பழைய கையெழுத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ராஜநடை போட்ட அது எங்கே, தவழ்கிற இது எங்கே.

“நல்லா வந்திருக்குங்க ஐயா. ஆனா பழசோட ஒத்துப்போகலையே.”

வசந்தா கைப்பையைத் திறந்து லாக்கர் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். இடது கையை நீட்டினேன். அதிகாரியே விரலைப் பிடித்து மையில் ஒற்றி, தாளில் உருட்டி எடுத்தார். துடைத்துக்கொள்ள ஒரு டிஷ்யூவும் கொடுத்தார்.

விரல் துடைக்கிற அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் மில் சுவர் கண்முன் வந்து நின்றது. சனிக்கிழமை கூலி வாங்கும்போது கைநாட்டு வைத்துவிட்டு, கணக்குப்பிள்ளை ஜன்னல் ஓரத்துச் சுண்ணாம்புச் சுவரில்தான் எல்லாரும் விரலைத் தேய்ப்போம். இடுப்பு உயரத்திலிருந்து தலை உயரம்வரை ஊதா. பொங்கலுக்கு வெள்ளையடிப்பார்கள், அடுத்த சனிக்கிழமை மறுபடி ஊதா. தேய்ப்பார்கள் என்றுதானே எல்லா இடத்திலும் சொல்வேன்? தேய்ப்போம். நானும் அங்கே தேய்த்தவன்தான். என் வாழ்நாளில் விரல் வைத்ததில்லை என்று மேடையில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தில் கோவிந்தனும் உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் தெரியும். எல்லாரோடும் சேர்ந்து அவனும் கைதட்டினான். அவன் போய்ச் சேர்ந்து வருஷமாகிறது.

மில்லும் இல்லை. அந்த இடத்தில்தான் கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள், எங்கள் வீட்டுக் கல்யாணமும் அங்கேதான். வசந்தா காசு மாலையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் சாப்பிட்டு எழுந்து, கணக்குப்பிள்ளை ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று கணக்குப் பண்ணிக்கொண்டே போனேன். அங்கே வரிசையாகக் கை கழுவும் தொட்டி. சுவர் முழுக்க வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள். ஈர விரலை ஒரு தடவை அதில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தண்ணீர் வழிந்து இறங்கிவிட்டது.