மாட்டு டாக்டர் ஒதீலும் மீன்வள அமைச்சரும்

பெய்ராக் மலைத் தொகுதியின் வாக்குச்சீட்டில் இரண்டு பெயர்கள் இருக்கும். மேலே தடித்த எழுத்தில் அர்மான் ரிவால்யே. கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், மாற்று உறுப்பினர் ஒதீல் மல்ரியூ. மேலே இருப்பவர் செத்தாலோ அமைச்சரானாலோ, கீழே இருப்பவர் பாரிசு நாடாளுமன்றத்துக்குப் போய் அந்த நாற்காலியில் உட்காரலாம். மாட்டு டாக்டரான ஒதீலை ரிவால்யே பிடித்துப் போட்டதற்கு ஒரே காரணம்தான். தொகுதியில் அவள் நுழையாத தொழுவம் இல்லை. அவர் நுழைந்த தொழுவம் ஒன்றும் இல்லை.

ரிவால்யே இடதுசாரியாகத் தொடங்கியவர். மேயர் பதவி வலதுசாரிகள் கையில் இருந்ததால் வலதுசாரியானார். நடுவில் இரண்டு வருடம் நடுநிலைக் கட்சி. தாவும்போதெல்லாம் ‘மனசாட்சி’ என்று ஒரு பிரசங்கம் வேறு. ஒதீல் இதெல்லாம் தெரிந்தேதான் சம்மதித்தாள். அவர் அமைச்சராவார் என்று எந்தப் பைத்தியக்காரன் நினைப்பான் என்பது அவள் கணக்கு.

ஆக்கினார்கள். அதுவும் மீன்வளத்துக்கு. பெய்ராக்கிலிருந்து கடலைப் பார்க்க அரை நாள் கார் ஓட்ட வேண்டும்.

காபிக்கடை ழோசெத் வாய்விட்டுச் சிரித்தாள். “நம்ம ஆளு குளிக்கிற தொட்டியிலயே தடுமாறுவாரு. அவருகிட்டயா கடலைக் குடுத்தாங்க?”

ஒதீல் வாரத்தில் மூன்று நாள் பாரிசுக்கு ரயில் ஏறினாள். அந்தச் சமயம் பெய்ராக் மருத்துவமனையின் பிரசவப் பிரிவை மூடப் பார்த்தார்கள். அவள் மன்றத்தில் எழுந்து, “எங்க ஊர்ல பசு கன்னு போட்டா அரை மணி நேரத்துல நான் போய் நிப்பேன். பொம்பளைக்குப் பிரசவம்னா அறுபது கிலோமீட்டர் மலைப்பாதை. சுகாதார அமைச்சர் என்ன சொல்றாங்க, பசுவாப் பொறந்திருக்கணுமா?” என்று கேட்டாள். சொந்தக் கட்சிக்காரர்களே தலையைக் குனிந்துகொண்டார்கள். விடாமல் பதினோரு முறை கேட்டாள். பிரசவப் பிரிவு பிழைத்தது.

ரிவால்யேவும் வானொலியில் வாய் திறந்தார். “மத்தி மீன் குட்டி போடுற மாசத்துல யாரும் வலை வீசக் கூடாது” என்றார். மீன் குட்டி போடுகிற அதிசயத்தைக் கேட்டு மேற்குக் கடற்கரையின் பிரெத்தான் துறைமுகங்கள் ஒரு வாரம் சிரித்தன. அடுத்த அமைச்சரவைப் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

அப்போதைய சட்டப்படி பதவி போன அமைச்சருக்கு நாற்காலி தானாகத் திரும்பி வராது. மாற்று உறுப்பினர் விலக வேண்டும், இடைத்தேர்தல் நடக்க வேண்டும். எல்லா மாற்று உறுப்பினரும் வாய் பேசாமல் விலகுவது வழக்கம்.

ஃபெர்னான் காஸாலின் பண்ணையில், தோள்வரை கையுறை மாட்டி ஒதீல் ஒரு பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தாள். பளபளக்கும் காலணியில் சாணம் படாமல் தாவித் தாவி வந்தார் ரிவால்யே. கையில் தட்டச்சு செய்த விலகல் கடிதம்.

“அம்மாடி ஒதீல், நல்லா உழைச்சே. இதுல ஒரு கையெழுத்து.”

“கை உள்ள இருக்கு, அமைச்சரே.”

“முடிச்சிட்டுப் போடேன். நான் நிக்கிறேன்.”

“நின்னா சாணிதான் ஒட்டும். போட மாட்டேன்.”

அவர் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. “உன்னை ஆளாக்கினதே நான்! என் பேரைப் பாத்துத்தான் ஜனம் ஓட்டுப் போட்டுச்சு.”

“அந்தப் பேரை வெச்சு இருபது வருஷம் என்ன கிழிச்சீங்க? ஒரு பாலத்தை மூணு தடவை திறந்தீங்க.”

மூலையில் நின்ற ஃபெர்னான் களுக்கென்று சிரித்தான். ரிவால்யே கடிதத்தை மடித்துக்கொண்டு, வந்த வழியே தாவிப் போனார். அன்று மாலைக்குள் இந்தக் கதை தொகுதி முழுக்கப் பரவியது. ஒதீல் போன இடமெல்லாம் கைகொடுத்தார்கள். தான் ஜெயித்துவிட்டதாகவே அவள் நம்பினாள்.

பதினாறு மாதம் கழித்துப் பொதுத்தேர்தல். ரிவால்யே மறுபடி மனசாட்சியைக் கிளப்பி, எதிர்க்கட்சிச் சீட்டில் நின்றார். ஒதீல் தனியாக நின்றாள். முந்நூற்றுச் சொச்சம் வாக்கில் தோற்றாள். பண்ணைக் கிராமங்கள்தான் காலை வாரின.

மறுவாரம் ஃபெர்னான் பண்ணைக்குத் தடுப்பூசி போடப் போனவள் நேராகக் கேட்டுவிட்டாள். “நீயும் அந்த ஆளுக்குத்தானே போட்டே?”

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினான். “தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. நீங்க பாரிசுக்குப் போனதுல ரெண்டு கன்னு செத்துப் போச்சு. அவரு போனா இங்க ஒண்ணும் குறையாது. உதவாதவரு அங்க இருக்கட்டும், நீங்க இங்க இருங்கன்னு எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம்.”

ஒதீலுக்குக் கோபம் வரவில்லை, அருவருப்புதான் வந்தது. ரிவால்யேவை நினைத்து இருபது வருடமாக முகம் சுளித்தவளுக்கு, அவரைத் தூக்கிப் பிடித்திருக்கும் கைகளை இப்போதுதான் கிட்டத்தில் பார்த்தமாதிரி இருந்தது. அதே கைகள்தான் அவள் கையைக் குலுக்கியவை.

அடுத்த வருடம் பிரசவப் பிரிவை மூடினார்கள். ரிவால்யே எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. அன்றைக்கு அவர் மன்றத்துக்கே போகவில்லை. ஆட்சி இப்போது அவருடைய புதுக் கட்சி கையில் இருந்ததால், பிறகு விளையாட்டுத் துறைக்கு அமைச்சரானார். இந்த முறை மாற்று உறுப்பினர் அவர் மைத்துனன்.

மூடிய பிரிவைத் திறக்கக் கோரி மனு எழுதித் தரச் சொல்லி ஃபெர்னானும் நாலு பேரும் ஒதீல் வீட்டுக்கு வந்தார்கள். அவன் மகளுக்கு ஏழாம் மாதம்.

“மனுவை உங்க உறுப்பினர்கிட்ட கொண்டு போங்க” என்றாள். அவர்கள் நகரவில்லை. வாசலிலேயே தலை குனிந்து நின்றார்கள். ஒதீல் அருவருப்பு முகத்தில் அப்படியே இருக்க, பேனாவை எடுத்தாள்.