மூன்றாவது வரிசையில் ஐந்தாவது ஆள்

எங்கள் ஸ்டுடியோவுக்குக் கண்ணாடிக் கூரை. கரண்டு விளக்கு வைத்துப் படம் பிடிக்கிற வசதியெல்லாம் அப்போது எங்களுக்கு ஏது? வெயில்தான் விளக்கு. சரிந்த கண்ணாடி வழியாக வெளிச்சம் இறங்கும். அதன் கீழே ஒரு நாற்காலி, பின்னால் திரை. ஜப்பான்காரன் கையில் சிங்கப்பூர் விழுந்து, குண்டுக்குப் பயந்து மெட்ராஸ்காரர்கள் மூட்டை முடிச்சோடு சேலத்தில் வந்து இறங்கினபோது எனக்கு அந்தக் கூரையைத் தவிர வேறு நினைப்பே இல்லை. குண்டு எங்கேயோ விழுந்தால் போதும், அத்தனை கண்ணாடியும் என் தலையில்தான். என் வீட்டுக்காரர் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதப் பட்டை ஒட்டினார்.

"இனி உடைஞ்சாலும் சிதறாது" என்றார்.

"உடையும்னு நீங்களே சொல்றீங்களே!" என்று எரிந்து விழுந்தேன். வானத்தில் ஏதாவது இரைந்தால் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடுவேன். எதிர்க்கடைக்காரர் சிரிப்பார். சிரித்துவிட்டுப் போகட்டும், பயம் எனக்குத்தானே.

படம் பிடிப்பது அவர், வர்ணம் போடுவது நான். படுதாவுக்குப் பின்னால் சின்ன அறை, அதுதான் என் ராஜ்ஜியம். பொம்பளை கை வேலை என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. அரிசிக்கு ஜனம் வரிசையில் நிற்கிறது, கதவைத் தட்டினால் போலீஸோ தந்தியோ என்று திறக்கவே பயப்படுகிறது. இந்த லட்சணத்தில் யாரோ ஒருத்தி கன்னத்துக்கு ரோஸ் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனே, இதுவும் ஒரு பிழைப்பா என்று என்மேலேயே எனக்கு வெறுப்பு வரும். வாய்விட்டும் சொல்லியிருக்கிறேன். யுத்தத்தில் போட்டோ பேப்பர் கிடைக்காத கவலை அவருக்கு.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கூட்டமாக எடுத்த படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பெரிசாக்கினால் கண்ணும் மூக்கும் மங்கிப் புகை மாதிரி நிற்கும். அதற்குமேல் கறுப்பு மையிலும் பென்சிலிலும் முகத்தை நாங்கள்தான் எழுத வேண்டும். அதனால் அந்த ஆளை நன்றாகத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாடை கேட்போம். மூக்கு அப்பா மாதிரியா, அம்மா மாதிரியா, காது ஒட்டியிருக்குமா, சிரித்தால் எந்தப் பக்கம் வாய் போகும் என்று. அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

அப்படித்தான் ஜேடர்பாளையம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் மருமகளோடு வந்தார். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில் வந்து முகமெல்லாம் புழுதி. மடியிலிருந்து ஒரு பட்டாளத்துப் படத்தை எடுத்தார். நாற்பது ஐம்பது பேர், எல்லோருக்கும் ஒரே தொப்பி, முகம் ஒவ்வொன்றும் கடலைப்பருப்பு அளவுதான்.

"மூணாவது வரிசைல அஞ்சாவது ஆளுங்க அம்மணி. என்ற பையன். ஊட்டுல அவனுக்கு இருக்கறது இந்த ஒரு படந்தானுங்க."

மலேயாவில் ஆளைக் காணவில்லை என்று கடுதாசி வந்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் குடும்பத்தில் ஒரு நல்ல காரியமும் செய்ய முடியவில்லை, முடித்துவிடு என்று பங்காளிகள் நெருக்குகிறார்களாம். உடம்பு இல்லையே, படத்தை வைத்துத்தான் கருமாதி. வருகிற அமாவாசைக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைக்குத்தான் இந்தப் பெண்ணின் தாலியைக் கழற்றி வெள்ளைச் சேலை கட்டுவார்கள். அதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? அவள் கழுத்தைப் பார்த்தேன். இருபது வயசு இருக்குமோ என்னவோ.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுங்க. சாடையெல்லாம் இந்தப் புள்ளைகிட்டக் கேட்டுக்கங்க" என்று அவளை என்னிடம் விட்டுவிட்டுக் கடைவீதிக்குப் போனார்.

உட்கார வைத்தேன். புருவம் எப்படி என்று கேட்டேன். இரண்டு தரம் கேட்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"ஏனுங்க அக்கா, அவரை மட்டும் எழுதிராதீங்க. வேற ஆரையாச்சும் எழுதுங்க. இது என்ற மவன் இல்லேன்னு மாமா சொல்லிட்டா, படமில்லாம காரியம் நிக்குமுங்க. அவரு வந்துருவாருங்க. எனக்குத் தெரியுமுங்க."

"அடி பாவி, என்னை மாட்டிவிடப் பார்க்கிறாயே!" என்றேன். பெரிய சைஸ் பேப்பர் எங்களிடம் மிச்சம் இருந்ததே இரண்டுதான். வீணாக்கினால் என் வீட்டுக்காரர் என்ன சொல்வார்? பட்டாளத்து ஆள் முகத்தை மாற்றினால் கேஸ் ஆகுமோ? உயிரோடு இருக்கிற வேறு எவன் முகமாகவோ அமைந்து, கருமாதிப் படத்தில் ஏறிய தோஷத்தில் அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? எல்லாவற்றையும் அவளிடமே சொன்னேன். அவள் கையை விடவில்லை.

"சரி, விடு. பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாய்தான் எனக்குச் சத்துரு.

நாலு நாள் அந்த முகத்தோடு கிடந்தேன். பேப்பரில் விழுந்திருந்ததோ அகன்ற மூக்கு, இறங்கின புருவம், சாதுவான முகம். மூக்கைக் கூராக்கினேன். புருவத்தை ஏற்றிச் சேர்த்தேன். தாடையை ஒடுக்கி மோவாயில் ஒரு குழி வைத்தேன். முகத்தை மாற்றுவது அவ்வளவு லேசு என்று அதுவரை எனக்குத் தெரியாது. படுதா அசைந்தால் போதும், படத்தைக் கவிழ்த்துவிடுவேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். என் பிரஷ்ஷை நம்பி ஒரு உசிர் காத்துக்கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது. அந்த நாலு நாளும் வானத்தில் என்ன இரைந்ததென்று எனக்குத் தெரியாது.

குறித்த நாளில் இருவரும் வந்தார்கள். என் வீட்டுக்காரர் எதிரிலேயே படத்தை எடுத்து வைத்தேன். பெரியவர் படத்தைக் கண்ணாடிக் கூரைக்குக் கீழே தூக்கிக்கொண்டு போனார். முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திருப்பிச் சாய்த்துப் பார்த்தார். 'இல்லை என்று சொல்லுமய்யா, சொல்லிவிடும்' என்று நான் உள்ளுக்குள் மன்றாடினேன்.

அவர் அந்தக் கூர் மூக்கைக் கட்டைவிரலால் தடவினார். "ஐயோ சாமி, இப்புடி எளச்சுப் போயிட்டயேடா! சோறு தண்ணி போட்டாங்களோ இல்லையோ" என்று கேவிக் கேவி அழ ஆரம்பித்தார். அவ்வளவு பெரிய ஆள், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குக் கண்ணு மங்கலு. நீ பாத்துச் சொல்லு சாமி. நம்ம பையந்தானே?"

நான் அவளையே பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை. இதற்குத்தானே நாலு நாள் செத்துப் பிழைத்தேன்! கண்ணால் ஜாடைகூடக் காட்டினேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை, மாமனாரைப் பார்த்தாள். அவர் அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆமாங்க மாமா. அவருதானுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பெரியவர் முகம் கழுவப் பின்பக்கம் போனதும் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? யாருக்காக நான் இதைச் செய்தேன்? உன் தாலியை நீயே கழற்றிக் கொடுத்துட்டியே!"

"மாமா புள்ளைய நெஞ்சோட அணைச்ச மாதிரி வெச்சிருந்தாருங்க அக்கா. அதை எப்புடிங்க நான் புடுங்கறது?"

சொல்லிவிட்டு அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. படத்தை எடுத்து, நான் வைத்த மோவாய்க் குழியை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"என்னைய என்ன வேணாப் பண்ணட்டுமுங்க. மாலை ஏறப்போறது இந்த மொகத்துக்குத்தானுங்க, அவருக்கு ஆரும் போடலீங்களே."

அவள் தோளில் இருந்த கையை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. பெரியவர் வந்து, "வாரமுங்க அம்மணி" என்று கும்பிட்டார். அவர் தள்ளாடி நடந்தார். படத்தைத் துணியில் சுற்றி அவள்தான் தூக்கிக்கொண்டு போனாள்.